தாண்டலாமா, காத்திருக்கலாமா?

வாசகர் கேள்வி-பதில்: நெடுநேர கார் ரேஸ்

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸில் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் 3-ஆம் இடம் பிடித்தது. அதிலிருந்து இந்த வகை ரேஸ் பற்றி வாசகர்கள் விடாமல் கேட்கிறார்கள். இந்த முறை பெரும்பாலும் ஓவர்டேக் சம்பந்தப்பட்ட கேள்விகளுக்குப் பதில்.

வேகமான காரையும் மெதுவான காரையும் ஒரே டிராக்கில் ஏன் ஓடவிடுகிறார்கள்? தனித்தனியாக வைத்தால் விபத்து குறையுமே?
- பி.ஆர்., மதுரை

குறையும். கூடவே ரேஸும் பாதி செத்துப்போகும். நெடுநேர ரேஸ் என்பதே நெரிசலைச் சமாளிக்கும் போட்டிதான். காலி டிராக்கில் யார் வேகம் என்று பார்க்கத் தகுதிச் சுற்று இருக்கிறது.

நெரிசல் எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். புகழ்பெற்ற 24 மணி நேர ரேஸ் நடக்கும் பிரான்சின் லு மான் டிராக் ஒரு சுற்று 13.626 கி.மீ. 2024-ல் அங்கே 62 கார்கள் கிளம்பின: ஹைப்பர்கார் (மிக வேகமான வகை) 23, எல்எம்பி2 (அதற்கு அடுத்த வேகம்) 16, எல்எம்ஜிடி3 (சாலைக் கார்களை ஒட்டிய, மெதுவான வகை; சுருக்கமாக ஜிடி3) 23. காய்ந்த டிராக்கில் ரேஸ் வேகத்தில் ஹைப்பர்காருக்கு ஒரு சுற்று சுமார் மூன்றரை நிமிடம்; ஜிடி3-க்குச் சுமார் 4 நிமிடம். சுற்றுக்கு 30 விநாடி வித்தியாசம் என்றால், 8 சுற்றுக்கு ஒருமுறை ஒவ்வொரு ஜிடி3 காரையும் ஹைப்பர்கார் தாண்டியாக வேண்டும். 23 கார்களுக்குக் கணக்குப் பார்த்தால் சுற்றுக்கு ஏறக்குறைய 3. எல்எம்பி2-வையும் சேர்த்தால் மூன்றரை. 300 சுற்றுக்கு மேல் ஓடும் ரேஸில் இது ஆயிரத்தைத் தொடும். சேஃப்டி கார் (விபத்தின்போது எல்லோரையும் மெதுவாக நடத்திப்போகும் கார்) வரும் நேரத்தையும் இடையில் நின்றுபோன கார்களையும் கழித்தாலும் நூற்றுக்கணக்கில் நிற்கும்.

ஜிடி3 டிரைவர் பக்கத்திலிருந்து பாருங்கள். எல்லாக் கார்களும் ஓடிக்கொண்டிருந்தால் சுற்றுக்குக் கிட்டத்தட்ட 5 கார் அவரைத் தாண்டும். ஒரு நிமிடம்கூட நிம்மதியாக முன்னால் பார்த்து ஓட்ட முடியாது. டிவியில் நாம் பார்ப்பது முன்னணிக் கார்களின் சண்டை. கண்ணாடியிலேயே ஒரு கண்ணை வைத்துக்கொண்டு ஓட்டுபவரின் பாடு திரையில் வருவதில்லை.

நம் சாலையில் ஹாரன் அடித்தால் முன்னால் போகிறவர் ஒதுங்கணும் என்று நினைக்கிறோம். ரேஸில் நீலக் கொடி காட்டினால் மெதுவான கார் ஒதுங்கிவிட வேண்டும்தானே?
- எஸ்.கே., செங்கல்பட்டு

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். "உன்னை ஒருவன் தாண்டப்போகிறான்" என்று தெரிவிப்பதுதான் நீலக் கொடியின் வேலை. ஃபார்முலா 1-ல் சுற்று பிந்தியவர் உடனே வழிவிடாவிட்டால் தண்டனை. நெடுநேர ரேஸில் வழக்கம் வேறு: மெதுவான கார் தன் ரேஸிங் லைனிலேயே, அதாவது வேகமாகப் போக உகந்த வழக்கமான பாதையிலேயே, போக வேண்டும். பத்திரமாகத் தாண்டும் பொறுப்பு வேகமான காரின் தலையில்.

காரணம் எளிது. பின்னால் வருபவர் 50 மீட்டர் தள்ளி இருக்கும்போதே எந்தப் பக்கம் போவது என்று முடிவெடுத்துவிடுகிறார். முன்னால் இருப்பவர் லைனைப் பிடித்தபடி போவார் என்ற நம்பிக்கையில் எடுத்த முடிவு அது. மணிக்கு 50 கி.மீ. வேக வித்தியாசத்தில் விநாடிக்குச் சுமார் 14 மீட்டர் இடைவெளி கரையும். 50 மீட்டர் கரைய மூன்றரை விநாடி. அந்த நேரத்தில் முன்னால் இருப்பவர் நல்ல மனதோடு "பாவம், போகட்டும்" என்று ஒதுங்கினால், பெரும்பாலும் பின்னவர் தேர்ந்த பக்கத்துக்கே ஒதுங்குவார். வேண்டுமென்றே மறித்தால் மட்டுமல்ல, மரியாதைக்காக ஒதுங்கினாலும் மோதல் உண்டாகும்.

வழிவிட ஆசைப்பட்டால் அதற்கு முறை உண்டு. நேர்சாலையில், ஸ்டியரிங்கை அசைக்காமல், ஆக்சிலரேட்டரை மட்டும் ஒரு கணம் தளர்த்த வேண்டும். பக்கவாட்டில் நகரவே கூடாது. பிரேக் போடும் இடத்தில் இதையும் செய்யக்கூடாது.

2011 லு மானில் ஆடியின் இரண்டு கார்கள் ஜிடி கார்களோடு மோதி நொறுங்கினவே, தப்பு யார் மேல்?
- டி.வி., கோவை

இரண்டும் இரண்டு விதமான பாடம்.

முதல் மணி நேரம் முடிவதற்குள் ஆலன் மெக்னிஷ், டன்லப் பாலம் தாண்டி இறங்கும் இடத்தில், தன் அணியின் இன்னொரு ஆடியும் ஒரு ஜிடி ஃபெராரியும் முன்னால் இருக்கும்போது உள்பக்கமாக நுழைந்தார். ஃபெராரியோடு உரசி, கார் சரளைக் குழியைத் தாண்டிப் பறந்து டயர் தடுப்பின் மேல் விழுந்தது. தடுப்புக்குப் பின்னால் நின்ற படப்பிடிப்பாளர்கள் மயிரிழையில் தப்பினார்கள். காயமில்லாமல் மெக்னிஷ் எழுந்து வந்தது அதிசயம்தான்.

இரண்டு வேகமான கார்கள் ஒட்டி வந்தால், மெதுவான காரின் டிரைவர் கண்ணில் முதல் கார்தான் படும். அது போனதும் "சரி, போய்விட்டான்" என்று அபெக்ஸை (வளைவின் உள்முனையை) நோக்கித் திரும்புவார். இரண்டாவது கார் அப்போது அந்த இடத்தில் இருக்கும். ஆகவே இரண்டாவதாக வருபவர், தான் இன்னும் கண்ணில் படவில்லை என்றே வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டும். தண்டனை, தப்பு என்பதெல்லாம் பிறகு. 24 மணி நேர ரேஸின் முதல் மணியில் ஒரு வளைவில் அவ்வளவு அவசரம் எதற்கு என்ற கேள்விக்கு இன்றுவரை நல்ல பதில் கிடையாது.

இரண்டாவது விபத்து இரவில். முல்சான் வளைவிலிருந்து இண்டியானாபோலிஸ் வளைவுக்குப் போகும் வேகமான பகுதியில், மைக் ராக்கன்ஃபெல்லரின் ஆடி ஒரு ஃபெராரியைத் தாண்டும்போது, அந்தக் கார் பக்கவாட்டில் வந்துவிட்டது. ஆடியில் எஞ்சியது டிரைவர் உட்காரும் கார்பன் கூடு மட்டும். ஃபெராரி டிரைவரை அந்த ரேஸில் மேற்கொண்டு ஓட்ட நடுவர்கள் அனுமதிக்கவில்லை. இதில் வேகமான கார் செய்யக்கூடியது அதிகமில்லை. பக்கத்தில் கார் வந்த பிறகு லைனை மாற்றினால் யாராலும் தப்ப முடியாது.

மிஞ்சிய ஒரே ஆடி அந்த ரேஸை ஜெயித்தது. பெஜோவை வென்ற வித்தியாசம் 13.854 விநாடி. 24 மணி நேரத்துக்கு அப்புறம் 13 விநாடி! டிரைவர்கள் ஏன் ஒவ்வொரு ஜிடி காருக்குப் பின்னாலும் பொறுமை இழக்கிறார்கள் என்பதற்கு இந்த எண்ணே விளக்கம்.

தாண்டுவதா, காத்திருப்பதா என்று டிரைவர் எப்படி முடிவு செய்கிறார்? உள்ளுணர்வா, கணக்கா?
- எம்.ஜே., திருச்சி

முதலில் கணக்கு, பழகப் பழக அதுவே உள்ளுணர்வாகிவிடுகிறது.

ஒரு வளைவுத் தொடரில் ஜிடி காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் 2 விநாடி போகிறது என்று வையுங்கள். உள்ளே நுழைந்து, உரசி, டயர் வெடித்தால் என்ன ஆகும்? லு மானில் பாதிச் சுற்றில் டயர் போனால் பிட்டுக்கு (அணி காரைக் கவனிக்கும் இடத்துக்கு) 7 கி.மீ. நொண்ட வேண்டும். மணிக்கு 80 கி.மீ.யில் அது 5 நிமிடத்துக்கு மேல். வழக்கமாக அந்தத் தூரத்துக்கு 2 நிமிடம்கூட ஆகாது. இழப்பு 200 விநாடியைத் தாண்டும். கிட்டத்தட்ட ஒரு முழுச் சுற்று. 2 விநாடி லாபத்துக்கு 200 விநாடி நஷ்டம் எதிரே நிற்கிறது. நூறு முறை இப்படி நுழைந்தால் ஒரு தடவைக்கு மேல் உரசக்கூடாது. மீறினால் நுழைந்ததெல்லாம் நஷ்டக் கணக்கு. சஸ்பென்ஷன் உடைந்தாலோ தடுப்பில் மோதினாலோ கணக்கே போட வேண்டாம்.

அதற்காக எப்போதும் காத்திருக்கவும் முடியாது. ஆயிரம் தாண்டலில் ஒவ்வொன்றுக்கும் ஒரு விநாடி விட்டால் 1,000 விநாடி. அதாவது நான்கரைச் சுற்றுக்கு மேல். அந்த அளவு பின்தங்கினால் பரிசு மேடையை மறந்துவிடலாம். நல்ல டிரைவர் இரண்டுக்கும் நடுவே போகிறார்: காத்திருக்க வேண்டிய நிலை வராதபடி முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்கிறார்.

அதன் வரிசை இப்படி:

அடுத்த காரை இரண்டு வளைவுக்கு முன்பே கண்டுபிடிக்க வேண்டும். எந்த வகைக் கார், எந்த அணி, யார் ஓட்டுகிறார் என்பதை பிட்டிலிருந்து எஞ்சினீயர் ரேடியோவில் சொல்லலாம். "முன்னால் இரண்டு ஜிடி, தங்களுக்குள் சண்டை" என்ற ஒரு வரி பெரிய உதவி. சண்டையில் இருப்பவர்கள் கண்ணாடியைக் குறைவாகத்தான் பார்ப்பார்கள்.

அடுத்து, எங்கே போய்ச் சேருவோம் என்று கணிப்பது. சேரும் இடம் வளைவின் நடுவே விழும் என்று தெரிந்தால், இப்போதே கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுத்து, வளைவிலிருந்து வெளியேறும்போது நல்ல வேகத்தில் இருக்கும்படி இடைவெளி வைப்பது. காரின் வாலில் ஒட்டிக்கொண்டு வளைவுக்குள் போவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. முன்னால் போகும் கார் காற்றைக் கலைத்துவிடுவதால் உங்கள் முன்பக்க அழுத்தம் குறைந்து கார் திரும்ப மறுக்கும். முன்டயர் சூடாகித் தேயும். வெளியேறும்போது அவர் ஆக்சிலரேட்டரை மிதித்த பிறகுதான் நீங்களும் மிதிக்க முடியும்.

நெருங்கியதும் ஒரே ஒரு முறை விளக்கைச் சிமிட்டினால் போதும். பக்கத்தைத் தேர்ந்த பின் மாற்றக்கூடாது. பிரேக் போடும் இடத்தில் தாண்டுவதானால், அவர் ஸ்டியரிங்கைத் திருப்பத் தொடங்கும் முன் உங்கள் முன்சக்கரம் அவர் கதவுக்கு நேராக வந்திருக்க வேண்டும். வராவிட்டால் அந்த வளைவு அவருடையது; பின்வாங்குங்கள். தலையைத் தாங்கும் பெரிய இருக்கைச் சிறகுகளும் கழுத்துப் பாதுகாப்புப் பட்டையும் இருக்கும்போது ஜிடி டிரைவரால் தலையைத் திருப்பிப் பார்க்க முடியாது. பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் காரை அவருக்குத் தெரியவே தெரியாது.

தாண்டிய பின்னும் ஒன்று பாக்கி. அவர் மூக்குக்கு முன்னால் நுழைந்து உடனே பிரேக்கை அழுத்தக்கூடாது. ஹைப்பர்காருக்குக் கார்பன் பிரேக்கும் குறைந்த எடையும். நிற்கும் தூரம் குறைவு. இரும்புத் தட்டுப் பிரேக்கும் சுமார் 1,300 கிலோ எடையும் கொண்ட ஜிடி3, ஏபிஎஸ் இருந்தும் அத்தனை சீக்கிரம் நிற்காது. உங்கள் பின்புறத்தில் வந்து இடித்தால் அதற்கு அவர் என்ன செய்வார்?

உள்பக்கமாக நுழைபவர் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். லைனுக்கு வெளியே தூசி இருக்கும். ஹைப்பர்காரில் ஏபிஎஸ் கிடையாது; தூசியில் பிரேக்கை வழக்கம்போல அழுத்தினால் முன்சக்கரம் பூட்டிக்கொண்டு டயரில் ஓர் இடம் தட்டையாகத் தேய்ந்துவிடும். அடுத்த ஒரு மணி நேரம் ஸ்டியரிங் உதறும். வெளிப்பக்கத்தில் டயர் ரப்பர் உருண்டைகள் குவிந்து கிடக்கும். அவை ஒட்டிக்கொண்டால் அடுத்த இரண்டு மூன்று வளைவுகளில் பிடிப்பு குறையும். தாண்டி முடித்த உடனே அடுத்த வளைவை முழு வேகத்தில் எடுக்கப் போய்ச் சரிந்தவர்கள் உண்டு.

லு மானில் எந்தெந்த இடத்தில் தாண்டலாம், எங்கே கூடாது?
- வி.என்., சேலம்

முல்சான் நேர்சாலைதான் எல்லோருக்கும் பிடித்த இடம். 1990-ல் வேகத்தைக் குறைக்க நடுவே இரண்டு சிக்கேன் (நெளி) வளைவுகளைப் போட்டதால் அது இப்போது மூன்று துண்டு. ஒவ்வொரு துண்டிலும் தாண்ட இடம் உண்டு. இதற்கான வேலை அதற்கு முந்தைய டெர்ட்ர் ரூஜ் வளைவிலேயே ஆரம்பிக்கிறது. அங்கே ஜிடி காரின் வாலைப் பிடித்துக்கொண்டு போனால் வெளியேறும் வேகம் குறைந்து, அந்தக் குறை நேர்சாலை முழுக்கக் கூடவே வரும். கொஞ்சம் இடைவெளி விட்டு, சீக்கிரம் ஆக்சிலரேட்டரை மிதித்து வெளியே வந்தால் சாலையில் தானாகத் தாண்டிவிடலாம்.

நேர்சாலையின் முடிவில் வரும் முல்சான் வளைவின் பிரேக் பகுதி ஆபத்தானது. 2012-ல் ஆண்டனி டேவிட்சனின் டொயோட்டா அங்கேதான் ஒரு ஜிடி ஃபெராரியோடு உரசி, காற்றில் எழும்பித் தலைகீழாகச் சுழன்று தடுப்பில் மோதியது. டேவிட்சனின் முதுகெலும்பில் இரண்டு கணுக்கள் முறிந்தன. கார் பறக்காமலிருக்க 2011-லிருந்து பின்பக்கப் பெரிய துடுப்பும், 2012-லிருந்து சக்கரங்களுக்கு மேல் திறப்புகளும் கட்டாயமாகியிருந்தன. இரண்டும் இருந்தும் பறந்தது.

போர்ஷே வளைவுகளில் தாண்டுவதை மறந்துவிடுவது நல்லது. வேகம் அதிகம், சுவர் பக்கத்திலேயே, தப்பி ஓட இடமில்லை. 2012-ல் கஸுகி நகாஜிமாவின் டொயோட்டா அங்கே டெல்டாவிங் காரைச் சுவரில் தள்ளியது. அதன் டிரைவர் சதோஷி மோதோயாமா காரை ஓரத்தில் நிறுத்தி நெடுநேரம் தானே பழுதுபார்க்க முயன்று தோற்றார். நுழையும் முன்பே தாண்டிவிட வேண்டும். முடியாவிட்டால் கடைசி வரை பின்னால் போக வேண்டும். பாதியில் மனம் மாறுவதுதான் ஆபத்து.

இண்டியானாபோலிஸுக்கும் ஆர்னாஜுக்கும் நடுவே குறுகிய தூரம்தான். ஆர்னாஜ் மிக மெதுவான வளைவு. அங்கே காத்திருந்தாலும் இழப்பு சொற்பம்.

பணக்காரர்கள் காசு கொடுத்து ரேஸ் ஓட்டுகிறார்களாமே, அவர்களால்தானே விபத்து?
- ஏ.எல்., காரைக்குடி

பாதி உண்மை. டிரைவர்களை பிளாட்டினம், கோல்டு, சில்வர், வெண்கலம் என்று உலக மோட்டார் ரேஸ் அமைப்பான எஃப்ஐஏ நான்காகத் தரம் பிரிக்கிறது; வெண்கலம்தான் கடைசித் தரம். எல்எம்ஜிடி3 காரில் ஒரு வெண்கலத் தர டிரைவர் இருந்தே ஆக வேண்டும். அவர் ஓட்டியே தீர வேண்டிய குறைந்தபட்ச நேரமும் உண்டு. பெரும்பாலும் அவர் காசில்தான் அணியே ஓடுகிறது. அவர்களை ஏளனம் செய்யும் ரசிகர்களுக்கு ஒன்று: அவர்கள் இல்லாவிட்டால் அந்த வரிசையில் பாதிக் கார் நிற்காது.

திறமையான வெண்கலத் தர டிரைவரின் முதல் குணம், சுற்றுக்குச் சுற்று ஒரே இடத்தில் பிரேக் போட்டு ஒரே லைனில் திரும்புவது. வேகம் அப்புறம்தான். கண்ணாடியை எப்போது பார்ப்பது என்பதும் பயிற்சியில் வரும்: வளைவிலிருந்து வெளியேறி ஸ்டியரிங் நேரானதும் ஒருமுறை, பிரேக் போடும் இடத்துக்குச் சற்று முன் ஒருமுறை. பிரேக்கை அழுத்தியபடி கண்ணாடியைப் பார்த்தால் வளைவை விட்டுவிடுவார்.

கருவிகளும் துணைக்கு வந்துவிட்டன. 2013-ல் கார்வெட் ஜிடி அணி, பாஷ் நிறுவனத்தின் பின்பக்க ரேடாரையும் கேமராவையும் காருக்குள் பொருத்தியது. வரும் கார் எவ்வளவு வேகமாக நெருங்குகிறது, எந்தப் பக்கம் தாண்டப்போகிறது என்று திரையில் அம்புக்குறியாகக் காட்டும். இப்போது பல ஜிடி கார்களில் இது போன்ற ஏற்பாடு சகஜம்.

ஜிடி டிரைவருக்கும் சொந்த ரேஸ் ஒன்று இருக்கிறது என்பதை மறக்கக்கூடாது. வளைவின் நடுவே ஹைப்பர்கார் உள்ளே நுழைந்தால் அவர் லைனை விட்டு ஒரு விநாடிக்கு மேல் இழப்பார். அவருக்குப் பின்னால் துரத்தும் இன்னொரு ஜிடி, ஹைப்பர்காரின் வாலைப் பிடித்து அதே இடைவெளியில் புகுந்துவிடும். அதனால் கெட்டிக்கார ஜிடி டிரைவர்கள் நேர்சாலையிலேயே சற்றுத் தளர்த்தி, தங்களுக்கு வசதியான இடத்தில் தாண்டவைத்துவிடுகிறார்கள். செலவு விநாடியில் சிறு பங்குதான்.

இரவில், மழையில் என்ன மாறும்?
- ஜி.டி., ஊட்டி

இரவில் தூரம் தெரியாது. பின்னால் இரண்டு வெள்ளை விளக்கு மட்டும் தெரியும். 30 மீட்டரா 80 மீட்டரா என்று சொல்ல முடியாது. இரண்டு கார் ஒட்டி வந்தால் ஒன்றாகத் தெரியும். பின்னால் வருவது எந்த வகை என்று முன்னால் போகிறவருக்குக் குழப்பம். அந்தக் காலத்திலிருந்தே லு மானில் ஜிடி கார்களுக்கு மஞ்சள் முகப்பு விளக்கு வைத்தது இதற்காகத்தான்: கண்ணாடியில் மஞ்சள் தெரிந்தால் நம் வகுப்புக்காரன், வெள்ளை தெரிந்தால் தாண்டப்போகிறவன். விடாமல் விளக்கைச் சிமிட்டிக்கொண்டே வருபவரால் பயன் இல்லை. முன்னால் இருப்பவரின் கண் கூசி அவர் அபெக்ஸையே தவறவிடுவார்.

மழையில் நேர்சாலையும் நம்பத்தக்கதல்ல. 2014 லு மானில் திடீர் மழையில், சிக்கேன்களுக்கு இடைப்பட்ட பகுதியில் ஓர் ஆடி, ஒரு டொயோட்டா, ஒரு ஃபெராரி மூன்றும் மோதின. ஆடி அங்கேயே நின்றது. டொயோட்டா பிட்டுக்கு ஊர்ந்து போய்ப் பழுது நீக்கி 3-ஆம் இடத்தில் முடித்தது. தண்ணீர்ப் புகையில் முன்னால் இருப்பவர் வேகம் குறைத்தாரா என்பது கடைசி நொடியில்தான் தெரியும். நேர் பின்னால் போகாமல் அரைக் கார் அகலம் தள்ளிப் போவது நல்லது. கொஞ்சமாவது பார்வை கிடைக்கும், தப்ப ஒரு பக்கமும் இருக்கும்.

டயர் சூடு இன்னொரு விஷயம். உலக நெடுநேர ரேஸ் தொடரில் 2023 முதல் டயரை முன்கூட்டிச் சூடாக்கத் தடை வந்தது. அந்த ஆண்டு லு மானுக்கு மட்டும் விலக்கு கொடுத்தார்கள். குளிர்ந்த டயரோடு பிட்டிலிருந்து வெளிவரும் ஹைப்பர்கார், முதல் சில வளைவுகளில் ஜிடி காரைவிட மெதுவாகக்கூடப் போகலாம். பின்னால் வரும் ஜிடி டிரைவர் இதை எதிர்பார்க்காவிட்டால் வாலில் இடிப்பார்.

மஞ்சள் கொடி, மெதுமண்டலம் என்கிறார்களே, அங்கே தாண்டலாமா?
- ஆர்.பி., நாகர்கோவில்

கூடவே கூடாது. லு மானில் டிராக்கைப் பகுதிகளாகப் பிரித்து, விபத்து நடந்த பகுதியை மட்டும் மணிக்கு 80 கி.மீ. மண்டலமாக அறிவிப்பார்கள். ஜெர்மனியின் நர்பர்க்ரிங் டிராக்கிலும் துபாய் தொடரிலும் கோட் 60: எல்லோரும் 60 கி.மீ.

ஆபத்து மண்டலத்துக்குள் இல்லை, அதன் வாசலில். ஒருவர் 250-லிருந்து 80-க்குக் குறைக்கும்போது பின்னால் வருபவர் பலகையைக் கவனிக்காவிட்டால் கதை முடிந்தது. 2023-ல் கமுய் கொபயாஷியின் டொயோட்டா இரவில் மெதுமண்டலத்துக்காக வேகம் குறைத்தபோது பின்னாலிருந்து மோதப்பட்டு ரேஸிலிருந்தே வெளியேறியது. அவர் பக்கம் தப்பே இல்லை. அனுபவசாலிகள் வாசலுக்கு முன்பே படிப்படியாகக் குறைத்து, கண்ணாடியைப் பார்த்து, பிறகு கடைசிக் குறைப்பைச் செய்கிறார்கள்.

தாண்டும்போது இடித்தால் என்ன தண்டனை? ஜெயித்தவரையே இறக்கிவிடுவார்களா?
- சி.எம்., ஈரோடு

இறக்கியிருக்கிறார்கள். 2025 நர்பர்க்ரிங் 24 மணி நேர ரேஸ் நல்ல உதாரணம். டிராக் 25.378 கி.மீ.; நூற்றுக்கு மேற்பட்ட கார்கள்; வேக வித்தியாசம் லு மானைவிட மோசம். முன்னணியில் இருந்த மாந்தை அணியின் போர்ஷேயை ஓட்டிய கெவின் எஸ்த்ரே, ஓர் ஆஸ்டன் மார்ட்டின் ஜிடி4 (ஜிடி3-யைவிட மெதுவான வகை) காரைத் தாண்டும்போது மோத, அந்தக் கார் கவிழ்ந்தது. 100 விநாடி தண்டனை. முடிவுக் கோட்டை முதலில் தாண்டியது போர்ஷே. வெற்றி ரோவே அணியின் பிஎம்டபிள்யூவுக்குப் போனது. எஸ்த்ரே இந்த டிராக்கை உள்ளங்கையாக அறிந்தவர். அவருக்கே இப்படி என்றால் மற்றவர்களைச் சொல்ல வேண்டாம்.

2024 லு மானில் ராபர்ட் குபிட்சாவின் ஃபெராரிக்கும் ட்ரீஸ் வாந்தூரின் பிஎம்டபிள்யூவுக்கும் நேர்சாலையில் உரசல். பிஎம்டபிள்யூ தடுப்பில் மோதி நொறுங்கியது. குபிட்சாவுக்கு 30 விநாடி தண்டனை. ஒரு கார் முழுசாகப் போனதற்கு 30 விநாடி போதுமா என்ற சர்ச்சை நியாயமானதே. ஆனால் நடுவர்கள் செயலைத்தான் எடைபோட வேண்டும், சேதத்தை அல்ல என்ற பழைய கொள்கையில் அர்த்தம் இருக்கிறது. அதே உரசல் ஊட்டி வளைவு போன்ற மெதுவான இடத்தில் நடந்தால் வெறும் கீறலோடு போயிருக்கும்.

சிமுலேட்டரில் ஓட்டுகிறேன். பல வகுப்புக் கார்கள் சேர்ந்து ஓடும் ரேஸில் எப்போதும் இடித்துவிடுகிறேன். பயிற்சி சொல்லுங்கள்.
- கே.ஐ., கல்லூரி மாணவர், வேலூர்

முதல் வாரம் ஜிடி காரில் மட்டும் ஓட்டுங்கள். தாண்டப்படுவது எப்படி இருக்கும் என்று தெரியாமல் தாண்டக் கற்றுக்கொள்ள முடியாது. திரையில் வரும் ரேடார் உதவியை அணைத்துவிட்டுக் கண்ணாடியை நம்பிப் பழகுங்கள்.

பிறகு வேகமான காருக்கு மாறி, காலி டிராக்கில் 10 சுற்று ஓட்டிச் சராசரி நேரத்தைக் குறியுங்கள். அதே எரிபொருள், அதே டயரோடு நெரிசலில் 10 சுற்று. இரண்டின் மொத்த வித்தியாசத்தை, தாண்டிய கார்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு தாண்டலின் விலை வரும். 2 விநாடிக்கு மேல் வந்தால் நீங்கள் வாலில் ஒட்டி ஓட்டுகிறீர்கள். முன்கூட்டி இடைவெளி வைக்கவில்லை. கால் விநாடிக்குக் கீழே வந்தால் மகிழ வேண்டாம், சீக்கிரமே இடிப்பீர்கள். ஓட்டத்தைத் திரும்பப் போட்டு, ஒவ்வொரு தாண்டலிலும் முன்னால் இருப்பவர் திருப்பத் தொடங்கிய கணத்தில் நிறுத்திப் பாருங்கள். உங்கள் முன்சக்கரம் அவர் கதவுக்குப் பின்னால் இருந்தால், இடிக்காமல் தப்பியிருந்தாலும் அதைத் தவறு என்றே எழுதுங்கள்.

தமிழ்நாட்டுக்காரர் யாராவது லு மானில் ஓடியிருக்கிறார்களா?
- எஸ்.எம்., திண்டுக்கல்

சென்னையின் கருண் சந்தோக் 2012-ல் ஜேஆர்எம் அணியில் டேவிட் பிரபாம், பீட்டர் டம்ப்ரெக்கோடு ஓடி ஒட்டுமொத்தத்தில் 6-ஆம் இடம் பிடித்தார். கோவையின் நரேன் கார்த்திகேயனுக்கு 2009-ல் கோலெஸ் அணியின் ஆடி ஆர்10 கிடைத்தது. ரேஸ் தொடங்கும் முன் பிட் சுவரைத் தாண்டும்போது தோள்மூட்டு விலகி ஓட்ட முடியாமல் போனது. அந்தக் காரை மற்ற இருவரே 24 மணி நேரமும் ஓட்டி 7-ஆம் இடத்தில் கொண்டுவந்தார்கள். அவர்களில் ஒருவரான ஆந்த்ரே லோட்டரர் பிறகு மூன்று முறை லு மானை ஜெயித்தார்.